எரிந்துபோன தெய்வங்களும் ஒரு பங்குத் தரகரும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகளில் 'டிக்கி' என்று ஒரு சிற்ப வகை உண்டு. உருண்டை விழி, அகன்ற வாய், வயிற்றின்மேல் கைவைத்த மனித உருவம். மரத்திலும் கல்லிலும் செய்வார்கள். 1930களில் அமெரிக்காவில் தோன்றிய சில மதுவிடுதிகள் அதைத் தூணாகவும் கோப்பையாகவும் ஆக்கி உலகம் முழுக்கப் பரப்பிவிட்டன. அதற்கு 40 ஆண்டுகள் முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர் தஹிதித் தீவில் உட்கார்ந்து தானாகவே டிக்கி செதுக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் பால் காகின்.

ஓவியராகத்தான் நமக்கு அவரைத் தெரியும். 1848-ல் பாரிஸில் பிறந்தவர். 17 வயதில் கப்பல் வேலைக்குப் போனார். பிறகு பங்குத் தரகு அலுவலகத்தில் நல்ல சம்பளம். பக்கத்தில் குடியிருந்த ஒரு சிற்பியிடம் பளிங்கு செதுக்கக் கொஞ்சம் கற்றுக்கொண்டார். மரத்தில் உளி பிடிக்க அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. 1882-ல் பங்குச் சந்தை சரிந்தது, அடுத்து வேலையும் போனது. மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் டென்மார்க்கில் விட்டுவிட்டு, நாகரிகம் தொடாத ஒரு தீவையும் அதன் பழைய தெய்வங்களையும் காணலாம் என்று 1891 ஜூனில் தஹிதியில் போய் இறங்கினார்.

அங்கே தெய்வங்கள் இல்லை!

1797-லேயே லண்டன் மிஷனரிகள் அங்கு வந்துவிட்டார்கள். அரசர் இரண்டாம் பொமாரே மதம் மாறி, 1815-ல் போரிலும் வென்றபின் கோயில்கள் இடிக்கப்பட்டன, உருவங்கள் தீயில் போடப்பட்டன. 1816-ல் அரசர் தம் குடும்பத் தெய்வங்களையே மிஷனரிகளிடம் ஒப்படைத்து, எரித்தாலும் சரி, உங்கள் நாட்டுக்கு அனுப்பினாலும் சரி என்று எழுதிவிட்டார். அவை கப்பலேறி லண்டன் போயின. காகின் வந்து இறங்கியபோது இதெல்லாம் நடந்து முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. பழைய கதைகளைக்கூட உள்ளூர்ப் பாட்டிமாரிடம் கேட்டு அவர் அறியவில்லை. மோரன்ஹூட் என்பவர் 1837-ல் பிரெஞ்சில் வெளியிட்ட புத்தகத்திலிருந்துதான் எடுத்தார்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். தஹிதியின் பெருந்தெய்வமான ஓரோவின் திருவுருவத்துக்குப் பெரும்பாலும் முகமே கிடையாது. ஒரு கட்டையைச் சுற்றித் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகப் பின்னி, சிவப்புச் சிறகு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அவ்வளவுதான். நம் ஊரில் முகமில்லாத நடுகல்லைக் கும்பிடுகிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பாரிஸ்காரருக்கு அது போதவில்லை; கண், மூக்கு, வாய் வேண்டியிருந்தது.

ஆகவே தானே படைத்தார். 'சிப்பியுடன் கூடிய தெய்வம்' என்ற சிற்பம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 34 செ.மீ. மரம், தஹிதியில் 'தோவா' எனப்படுவது. வேறொன்றுமில்லை, நம் கடற்கரைச் சவுக்குதான். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம்போல முத்துச்சிப்பி. வாயில் எலும்புப் பற்கள். அமர்ந்திருப்பதோ புத்தர்போல! ஜாவாவின் போரோபுதூர்ச் சிற்பங்களின் புகைப்படங்களை அவர் கையோடு வைத்திருந்தார். உடம்பில் ஓடும் கோலங்கள் தஹிதியுடையவை அல்ல, தொலைவிலுள்ள மார்கெசஸ் தீவுகளுடையவை. இப்படி ஒரு தெய்வத்தை எந்தப் பாலினேசியரும் கும்பிட்டதில்லை. அழகு என்றால் அழகுதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதைத் தஹிதி மக்களின் பழைய தெய்வம் என்று யாராவது பாடம் நடத்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அவரை மகானாக்கவும் வேண்டாம். 43 வயதில், சுமார் 13 வயதுச் சிறுமியைத் தன்னோடு குடிவைத்துக்கொண்டவர். கலைஞர் என்பதற்காக இதை விழுங்கிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை.

1901-ல் மார்கெசஸின் ஹிவா ஓவா தீவுக்கே குடிபெயர்ந்தார். வீட்டுமனை கத்தோலிக்க மிஷனுக்குச் சொந்தம். அதை வாங்கும் வரை தவறாமல் பூசைக்குப் போனாராம், வாங்கிய பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை! ஆயர் அவரைக் கண்டித்தார். காகின் உளியால் பதில் சொன்னார்: ஆயரைக் கொம்பு முளைத்த பிசாசாகச் செதுக்கி, ஜோடியாக ஒரு பெண்ணையும் செதுக்கி வீட்டு வாசலில் நிறுத்தினார். 1903 மே 8-ல் இறந்தபோது அவர் ஏழை. அந்தப் பெண் சிற்பம் 2015-ல் 3 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. கோலங்களைத் தந்த மார்கெசஸ் தச்சர்களின் செதுக்கல்கள் உலக அருங்காட்சியகங்கள் பலவற்றில் இருக்கின்றன. செய்தவர் பெயர் அநேகமாக எதிலும் இல்லை.

பெயர் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சமீபத்திய உதாரணம். லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகம் 2002-ல் கொம்புள்ள ஒரு மரத்தலையை, காகின் செதுக்கியது என்று நம்பிப் பெருந்தொகைக்கு வாங்கியது. அதன் புகைப்படம் காகினின் கையெழுத்துப் பிரதியில் ஒட்டப்பட்டிருந்ததே முக்கிய ஆதாரம். ஆராய்ந்து பார்த்ததில், படம் மட்டும்தான் அவரிடம் இருந்தது, செதுக்கியது அவரில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 2019 கடைசியில் பெயர்ப் பலகையை மாற்றினார்கள். கலைஞர்: பெயர் தெரியாதவர்.