தலைமடைக்கும் கடைமடைக்கும் நடுவே

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் ஊரில் வழக்கும் தொடங்கிவிடும். தலைமடைக்காரரின் வயலில் வரப்பு தளும்பும்போது கடைமடையில் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும். இரவோடு இரவாக யாரோ வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பியிருப்பார்கள். நீர்ப்பிடிப்பை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் பயிர் முழுகுகிறதென்று உபரி நீர் வழியும் கலிங்கைத் திறக்கச் சொல்வார். ஏரிப் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர்களோ ஒரு சாண் தண்ணீரைக்கூட விட மாட்டோம் என்பார்கள். கோடையில் மீன் குத்தகைப் பணம் யாருக்கு, வண்டல் மண் யாருக்கு என்று அடுத்த சுற்று ஆரம்பமாகும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. இந்தச் சண்டைகளுக்கும் அவற்றின் வயதுதான்.

சோழர் காலத்துத் தானச் செப்பேடுகளில் இதற்குச் சான்று உண்டு. ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போதே, அதன் வாய்க்கால்களில் பிறர் கிளை வெட்டக்கூடாது, குறுக்கே அடைக்கக்கூடாது, சிறிய ஏற்றம் போட்டோ கூடையாலோ நீர் இறைக்கக்கூடாது என்று தடைகளையும் எழுதிவைத்தார்கள். யாரும் செய்யாத காரியத்துக்குத் தடை எழுத வேண்டிய தேவை இல்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி அந்தப் பொறுப்புக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே விதி. உத்திரமேரூர்ச் சபை பிராமணர்களுடையது. மற்றவர்களுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் ஏரிப் பொறுப்பில் இருப்பவரிடம் கணக்குக் கேட்க ஊருக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் அங்கே கல்லில் பதிந்திருக்கிறது.

வாரியமும் சபையும் மறைந்த பிறகும் மடை திறக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர், கம்புகட்டி என்று ஊருக்கு ஒரு பெயர். பழைய குமிழித்தூம்புகளில் தண்ணீர் போகும் துளை ஏரியின் அடியில் இருக்கும். நிறைந்த ஏரியில் மூச்சடக்கி மூழ்கி, கையால் தடவித் துளையைக் கண்டு, அடைப்பை அசைத்து எடுக்க வேண்டும். பாயும் நீரின் இழுப்பில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மேலேறி வந்த பின்னும் வேலை ஓயாது. வயல் வயலாக நடந்து, எந்த மடைவாயை எத்தனை நாழிகை திறந்துவைப்பது என்று பார்த்துப் பாய்ச்ச வேண்டும். தண்ணீர் தட்டுப்பட்டால் பல ஊர்களில் நிலக்காரர் யாரும் வாய்க்காலில் மண்வெட்டி வைக்கக்கூடாது. நீர்க்கட்டி மட்டுமே பாய்ச்சுவார். பெரும்பாலும் அவருக்கு அந்த ஆயக்கட்டில் சொந்த நிலம் இருக்காது. அதனால்தான் இரு தரப்பும் அவரை நம்பினார்கள். அறுவடைக் களத்தில் நிலத்தின் அளவுக்கேற்பக் கொடுத்த நெல்லே அவருக்குக் கூலி.

இன்னொரு பெரிய தகராறு கலிங்கில். பழைய கலிங்குகளின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கடைமடைப் பயிர் கதிர் பிடிக்க அந்த உயரம் போதும். ஆனால் அதே உயரத்தில் மேல்பக்கத்து நிலம் முழுகும், எதிர்பாராமல் ஒரு மழை கொட்டினால் கரையே உடையலாம். எந்த நாளில் அடைப்பது, எவ்வளவு அடைப்பது என்பதை இரண்டு மூன்று ஊர்க்காரர்கள் கூடிப் பேசினால்தான் தீர்க்க முடியும்.

இந்த ஏற்பாடுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்ட் செங்கற்பட்டுப் பகுதியில் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்தில் குவிந்த நெல்லைப் பங்கு பிரிப்பதற்கு முன்பே கோயிலுக்கும் கணக்கருக்கும் தச்சருக்கும் வெட்டியானுக்கும் ஒதுக்கியதுபோலவே ஏரிப் பராமரிப்புக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. பின்னர் ரயத்துவாரி முறை வேரூன்றியபோது அரசு ஒவ்வொரு நிலக்காரரிடமும் தனித்தனியாகப் பணமாகவே வரி வாங்கியது. களத்தில் ஏரிக்கென்று எடுத்துவைக்கும் வழக்கம் தேய்ந்தது. வரி கட்டியாயிற்று, இனி ஏரியைப் பார்ப்பது சர்க்கார் வேலை என்று ஊரார் நினைத்தார்கள். குடிமராமத்து, அதாவது ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடுவது, ஊரின் கடமை என்றது சர்க்கார்.

அந்த இழுபறியின் விளைவாக 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வழக்கப்படி செய்ய வேண்டிய ஏரி வேலைக்கு வராதவர் அந்த உழைப்பின் மதிப்பைப்போல இரு மடங்கு கட்ட வேண்டும் என்றது சட்டம். உடைப்பு எடுக்கும் நேரத்தில் ஆட்களைத் திரட்டவும் அது அதிகாரம் கொடுத்தது. ஊரின் வழக்கத்தை அதிகாரியின் உத்தரவாக மாற்றியும் பலனில்லை. பஞ்ச ஆணையமும் வருவாய்த்துறையும் குடிமராமத்து அழிகிறதென்று அடுத்த பல பத்தாண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தன.

பழைய முறை எல்லோருக்கும் நியாயமாக இருந்ததென்று சொல்ல முடியாது. கரையில் மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் ஆயக்கட்டில் ஒரு குழி நிலமும் இல்லாதவர்கள். நீர்க்கட்டிகளில் பெரும்பான்மையினர் தலித்துகள். ஊர்ப் பயிரைக் காப்பாற்றியவருக்கு ஊர்க் கூட்டத்தில் உட்கார இடமில்லை. மீன் குத்தகையிலும் அவருக்குப் பங்கு கிடையாது. அடுத்த தலைமுறை அந்த வேலையை விட்டு வெளியேறியதற்கு இது முக்கியமான காரணம்.

சுதந்திரத்துக்குப் பின் மற்ற பிடிமானங்களும் தளர்ந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித்துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. பெரிய ஏரிகளில் மடையைத் திறக்க லஸ்கர் என்ற அரசுப் பணியாளர் வந்தார். 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பரம்பரை அதிகாரம் போனது நல்லது. ஆனால் எந்த மடைக்கு எவ்வளவு நிலம், எந்த முறை என்று வாய்க்கணக்காக இருந்த விவரமும் பல ஊர்களில் அவர்களோடு போயிற்று. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் அனைவருக்கும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கிடைத்தது. கிணறு வைத்திருந்தவர் மடைவாயில் சண்டை போடுவதை நிறுத்தினார். ஏரிக்கரைக்கு வருவதையும் நிறுத்தினார். கிணறு வெட்ட வசதியில்லாத கடைமடை விவசாயி தனியே நின்றார். வரத்துவாய்க்காலில் சீமைக்கருவேலம் மண்டியது, ஏரி உள்வாயில் பட்டாவும் வீடும் முளைத்தன. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய். ஆயக்கட்டு விவசாயிகள் சங்கங்களே வேலையைச் செய்யலாம் என்றார்கள். அதற்குப் பின் பல ஏரிகளில் கரை உயர்ந்தது, மதகு சீரானது. தூர்வாரிய ஏரியில் தண்ணீர் நின்றதும் மடைவாய்ச் சண்டை திரும்பி வரும், வரவேண்டும்.

அதைத் தீர்க்கும் ஆளுக்கு இப்போது யார் கூலி கொடுப்பது என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. நீர்க்கட்டிக்குக் களத்து நெல் தரும் ஊர்கள் இன்னும் சில உண்டு. மற்ற இடங்களில் ஆயக்கட்டு சங்கத்தின் வரவு செலவில் அவருடைய மாதச் சம்பளத்துக்கு ஒரு வரி எழுதியாக வேண்டும். மீன் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கும், சங்கக் கூட்டத்தில் ஒரு நாற்காலியும் அவருக்குச் சேர வேண்டும்.