ஊட்டுக்கம்பியின் நீளமும் ஏரியல் பொருத்தமும்

டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஏரியலுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் ஊட்டுக்கம்பி எத்தனை அடி நீளம் இருக்கவேண்டும் என்னும் வினாவுக்கு அமெச்சூர் வானொலியாளர்கள் காலந்தோறும் கண்ட விடைகளை வரிசையாக வைத்து நோக்குவோமாயின், 1920களில் அநுபவத்தால் நன்கு அறியப்பட்டிருந்த ஓர் உண்மை, அளவுகருவிகள் மலிந்த பிற்காலத்தில் மங்கிப் பின்னர் பெருமுயற்சியால் மீண்டும் நிலைநாட்டப்பட்டமை புலனாகும். நீளத்தை மாற்றினால் கம்பியின் கீழ்முனையில் தென்படும் மின்னெதிர்ப்பு மாறுமேயன்றி, கம்பிக்கும் ஏரியலுக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மை மாறாது என்பதே அவ்வுண்மை.

இதற்குரிய சித்தாந்தத்தைத் தந்திக் கம்பிகளை ஆராய்ந்த ஆலிவர் ஹெவிசைடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டார். இணைகம்பிகளில் நிலையலைகள் எழுவதை வியன்னாவில் எர்ன்ஸ்ட் லெக்கர் பிரத்தியட்சமாகக் காட்டினார். எனினும், அதை அமெச்சூர்களின் கைக்குக் கொண்டுவந்தது, ஜெர்மானியரான ஹான்ஸ் பெக்கரோ 1909இல் ஆகாயக் கப்பல்களுக்கென உரிமைப்பதிவு செய்த ‘செப்பெலின்’ ஏரியலேயாகும். அரையலை நீளமுள்ள கம்பியின் நுனியில் மின்னெதிர்ப்பு ஆயிரக்கணக்கான ஓம் அளவுக்கு உயர்ந்திருக்கும். அந்நுனியிலிருந்து கால் அலைநீளத்திற்கு இணைகம்பி ஒன்றைத் தொங்கவிட்டால் அதன் அடிமுனையில் மின்னெதிர்ப்பு மிகத் தாழ்ந்துவிடும். அரை அலைநீளத்திற்கு நீட்டினாலோ நுனியிலிருந்த உயர்ந்த எண்ணே திரும்பவும் தோன்றும். ஆதலால், முதல் வகைக்குத் தொடர் இணைப்பில் கண்டென்சரும், இரண்டாம் வகைக்குப் பக்க இணைப்பும் கொள்ளவேண்டும் என்பதை அக்காலத்து அமெச்சூர்கள் பழக்கத்தாலேயே அறிந்திருந்தனர். நிலையலை அவர்களுக்கு அச்சந்தரும் பொருளன்று. வேலை வாங்கும் சாதனம்.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் இராணுவ உபரியாக மலிவாகக் கிடைத்த கோ-ஆக்சியல் கேபிள் இந்நிலையை மாற்றிற்று. மண்ணில் புதைக்கவும் சுவரை ஒட்டிக் கொண்டுசெல்லவும் சௌகரியமான அக்கேபிளில், பொருத்தமின்மை மிகுந்தால் இழப்பும் கூடும். அதனுடன் 1956இல் லூ மெக்காய் ‘கியூ.எஸ்.டி.’ இதழில் விவரித்த ‘மோனிமாட்ச்’ போன்ற, நிலையலை விகிதத்தை முள்ளால் காட்டும் எளிய கருவிகள் பரவவே, அவ்விகிதத்தை ஒன்றுக்குக் கொணர்வதே பொருத்தத்தின் பரமலட்சியம் என்ற அபிப்பிராயம் வேரூன்றியது. கேபிளைச் சிறிது சிறிதாகக் கத்தரித்து முள்ளைத் தாழ்த்தும் வழக்கமும் இதன் விளைவே.

இவ்வழக்கத்தை ஓர் உதாரணத்தால் சோதிக்கலாம். 7.1 மெகாஹெர்ட்ஸில் 100 ஓம் காட்டும் ஏரியலை, திசைவேகக் காரணி 0.66 உள்ள 50 ஓம் கேபிளோடு இணைத்தால், 13.94 மீட்டரில், அதாவது கேபிளுக்குள் அரையலையில், கீழே 100 ஓமும், 6.97 மீட்டரில் 25 ஓமும் தோன்றும். இழப்பைப் புறக்கணித்தால் விகிதம் இரண்டிடத்தும் 2தான். மின்னெதிர்ப்புகளைக் குறித்துக் காண ஸ்மித் என்பவர் 1939இல் வெளியிட்ட வரைபடத்தில் இவ்விரண்டும் ஒரே வட்டத்தின் எதிரெதிர்ப் புள்ளிகளாக அமைவதைக் காண்போர்க்கு வேறு விளக்கம் வேண்டாம். மிக நீண்ட கேபிளில் முள் தாழ்வதற்கோ, எதிரொலித்த அலை வழியிலேயே தேய்வதுதான் காரணம். அது பொருத்தமன்று, நஷ்டமே.

நீளத்தை அறிந்து பிரயோகித்தவர்களும் அக்காலத்தில் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் லூயி வார்னி 1946இல் அமைத்த ஜி5ஆர்வி ஏரியலில் 102 அடிக் கிடைக்கம்பியின் நடுவிலிருந்து 34 அடி திறந்த இணைகம்பி இறங்குகிறது. 14 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ அரையலை நீளமாதலால் நடுப்புள்ளியின் மின்னெதிர்ப்பைக் கீழே அப்படியே எடுத்துரைக்கும். மற்றைய அலைவரிசைகளில் அதுவே மின்னெதிர்ப்பை மாற்றியமைக்கும். பலர் அவ்வடிவத்தைப் பின்பற்றினர். 34 அடியின் காரணத்தைச் சிந்தித்தவர் குறைவு என்றே கருதுகிறேன்.

இக்குழப்பத்தைத் தீர்க்க முற்பட்டவர், டைரோஸ் விண்கோளின் ஏரியலில் பணியாற்றிய ஆர்.சி.ஏ. பொறியாளர் வால்டர் மாக்ஸ்வெல். 1973 முதல் ‘கியூ.எஸ்.டி.’யில் அவர் எழுதிய தொடர், எதிரொலித்த சக்தி வீணாவதில்லை என்பதையும், இழப்புக் குறைந்த கம்பியில் கீழ்முனையிலேயே இணைப்புச் சுற்றால் பொருத்தம் செய்தல் முறையே என்பதையும் நிறுவியது. ஆயினும், கேபிளை வெட்டியபோது முள் உண்மையாகவே வெகுவாக நகர்ந்ததைக் கண்டவர்களுக்கு ஒரு பதில் எஞ்சியிருந்தது. சமநிலை ஏரியலைச் சமனற்ற கேபிளோடு இணைக்கும் ‘பாலன்’ என்னும் சாதனம் குறித்து 1983இல் எழுதிய கட்டுரையில் அதையும் அவர் அளித்தார்: கேபிளின் வெளியுறையின் புறத்தே பாயும் மின்னோட்டம் கேபிளையே ஏரியலின் ஓர் அங்கமாக்கிவிடுவதால், நீளம் மாறும்போது ஏரியலே மாறுகிறது. ஐம்பது ஃபெரைட் மணிகளைக் கேபிளின்மேல் கோத்து அவ்வோட்டத்தை அவர் அடக்கினார். அங்ஙனம் அடக்கியபின் கேபிளைக் கூட்டினாலும் குறைத்தாலும், சிறிதளவு இழப்பின் விளைவு நீங்கலாக, முள் முன்னிருந்த இடத்திலேயே நிற்கும்.