ஈரம் நிற்கும் நாள்கள்: மதுரைச் சமவெளியில் மரவளர்ச்சியும் பருவநிலை மாற்றமும்

காற்றில் கரியமில வாயு கூடினால் மரங்கள் செழிக்கும் என்ற வாதத்துக்கு அடிப்படை உண்டு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420ஐக் கடந்துவிட்டது. ஒளிச்சேர்க்கைக்கு மூலப்பொருள் மிகுந்திருக்கிறது. அந்த மிகுதி மரமாகத் திரள்கிறதா என்பதே கேள்வி. பொலிவியா, கேமரூன், தாய்லாந்துக் காடுகளின் மரவளையங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, 150 ஆண்டுகளில் மரங்களின் நீர்ச்சிக்கனம் உயர்ந்திருந்தும் தண்டு வளர்ச்சி கூடவில்லை என்று காட்டியது. ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் காடொன்றில் இவ்வாயுவைக் கூட்டிச் செலுத்திய சோதனையின் முடிவும் (2020) அதுவே. மணிச்சத்து குறைந்த அந்த மண்ணில், மரங்கள் உள்வாங்கிய கூடுதல் கரியின் பெரும்பகுதி சுவாசமாகக் காற்றுக்கே திரும்பியது.

மதுரைச் சமவெளிக்கு இம்முடிவுகள் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும் என்பது என் வாதம். சைபீரியாவில் மரத்தின் வளர்ச்சியைத் தடுப்பது குளிர். வெப்பம் ஏறினால் அங்கே வளரும் நாள்கள் நீளலாம். மதுரையை ஒட்டிய பசுமலைச் சரிவின் மெல்லிய மண்ணில் வேர்விடும் உசிலுக்கும் வேம்புக்கும் குளிர் ஒரு தடையே இல்லை. மண்ணில் ஈரம் நிற்கும் நாள்கள்தாம் அவற்றின் வளர்ச்சிக் காலம். ஆண்டு மழை சுமார் 850 மி.மீ.; அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிப் பெய்து ஓய்ந்துவிடும். மழை அப்படியே இருந்தாலும், வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று கொள்ளும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. மண்ணும் இலையும் விரைவில் உலர்கின்றன; இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன; நீரிழப்பு குறைகிறது, ஆனால் உணவாக்கம் தடைப்படுகிறது. இரவு வெக்கையோ சுவாசத்தைக் கூட்டி, பகலில் சேர்த்ததைச் செலவழிக்கிறது. ஆகவே 'சராசரி மழை' என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு இங்குள்ள மரவளர்ச்சியைக் கணிக்கவே கூடாது. 2016இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அப்படி ஓராண்டு வந்தால் போதும், பல நல்ல ஆண்டுகளின் ஆதாயம் கரைந்துபோகக்கூடும்.

இத்தகைய வறட்சியின் தடத்தை மரவளையங்களில் காணலாம். கேரளத் தேக்கில் 1481 முதல் 2003 வரை நீளும் வளையத் தொடர் கிடைத்திருக்கிறது. எல் நினோவால் பருவமழை பொய்த்த ஆண்டுகளில் வளையம் குறுகியதை அது பதிந்துவைத்திருக்கிறது. ஆனால் நம் சமவெளி மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் அவ்வளவு தெளிவாக அமைவதில்லை.

செயற்கைக்கோள் படமும் இக்குறையை நிரப்பாது. கண்மாய்க்குள் மண்டிய சீமைக் கருவேலமும் அதில் பசுமையாகவே தெரியும். அம்மரத்தை அகற்றும்படி சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது நினைவிருக்கலாம். ஆழவேரோடி வறட்சியைத் தாங்கும் அது பரவுவதை மரவளர்ச்சிக் கணக்கில் வரவு வைத்தால், உசில் மெலிவது கண்ணில் படாமலே போகும். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் இலக்கைப் பற்றி எனக்குள்ள கவலையும் இதுதான்: பரப்பை அளக்கிறோம், மரத்தை அளப்பதில்லை.

முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988 முதல் 50 எக்டேர் நிலையான ஆய்வுத்திடலில் மரங்களை எண்ணியும் அளந்தும் வருகிறது. வறண்ட சமவெளிக் குன்றுகளுக்கும் அத்தகைய திடல்கள் வேண்டும். 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் ஒன்று, நாகமலையில் ஒன்று, பசுமலையில் ஒன்று என்று தொடங்கலாம். தண்டில் அளவுப்பட்டை கட்டி, மழைக்கு முன் ஆவணியிலும் மழை ஓய்ந்த தையிலும் இனவாரியாகச் சுற்றளவு எடுத்து, அருகிலேயே மண் ஈரத்தையும் குறித்துவர வேண்டும். பட்ட மரங்களின் கணக்கும் அதே ஏட்டில் ஏற வேண்டும்.