நந்தவனக் கைங்கர்யமும் பன்னிரு மாதமும்

நம்மாழ்வார் திருவாய்மொழியின் மூன்றாம் பத்து மூன்றாம் பதிகம் திருவேங்கடமுடையான் திருவடிகளில் எல்லாக் காலத்திலும், எல்லா இடத்திலும், எல்லா நிலைகளிலும் அடிமை செய்யப் பாரிப்பது. இப்பதிகத்தை எம்பெருமானார் ஸ்ரீரங்கத்தில் காலக்ஷேபமாக அருளிச்செய்யும்போது, கோஷ்டியை நோக்கி, திருமலையிலே சென்று நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கர்யம் செய்வார் உண்டோ என்று கேட்டருளினார் என்பது பூர்வாசார்யர்கள் பேணிவந்த ஐதிஹ்யம். மலைக்குளிருக்கு அஞ்சியும் ஆசார்யனைப் பிரிய மாட்டாமலும் மற்றையோர் வாய்திறவாதிருக்க, அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து நின்றார். உடையவர் உகந்து ‘ஆண்பிள்ளை’ என்று அழைக்க, அனந்தாண்பிள்ளை என்ற திருநாமம் நிலைத்தது.

இந்நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் ஆசார்ய பக்திக்கு உதாரணமாகவே எடுக்கிறோம். அது தகும். ஆயினும் வேறொன்றும் இதில் நோக்கத்தக்கது. காலம் ஒழியாத கைங்கர்யத்தைப் பேசும் பதிகத்திற்கு உடையவர் கேட்ட செயல் விளக்கம் ஒரு தோட்டம். விளக்கெரித்தல், திருவலகிடுதல் முதலான எத்தனையோ கைங்கர்யங்கள் இருக்க, இதனைத் தெரிந்தெடுத்ததன் பொருத்தம் தோட்டத்தின் இயல்பிலேயே உள்ளது. செடிக்கு விடுமுறை இல்லை. பூவில்லாத மாதத்திலும் அதற்கு நீர் வேண்டும், களையெடுப்பு வேண்டும், காவல் வேண்டும். ‘எல்லாக் காலமும்’ என்ற சொல்லை உடம்பால் வியாக்யானம் செய்ய வேண்டுமானால், அதற்கு ஏற்ற இடம் நந்தவனமே.

அனந்தாழ்வான் திருமலையில் முதலில் நாடியது நீர். மலைமேற் பெய்யும் மழை சரிவிலே ஓடிவிடும். தேக்கிவைத்தாலன்றி வேனிலில் செடி பிழையாது. ஆகவே ஏரி வெட்டத் தொடங்கினார். அவர் மண்ணை வெட்ட, கருவுற்றிருந்த தேவிகள் கூடையில் சுமந்தார். இரங்கிச் சிறுபிள்ளையாய் வந்து கூடையை வாங்கிச் சுமந்தவன் எம்பெருமானே என்றறியாமல், தம் கைங்கர்யத்தில் பிறர் பங்கு கொள்ளலாகாது என்று வெகுண்டு கடப்பாரையை வீசினார். அது திருமோவாயிற் பட்டது. அவ்விடத்தில் இன்றும் பச்சைக் கற்பூரம் சாத்தப்படுகிறது. கடப்பாரை திருமலைக் கோயிலின் பெருவாயிலில் தொங்குகிறது. திவ்யாயுதங்களைச் சேவிக்க வருகிறவன் கண்ணில் ஒரு தோட்டக் கருவியும் படும்படி நம் ஸம்ப்ரதாயம் வைத்திருக்கிறது. அவர் எம்பெருமானார் திருநாமத்தைச் சாத்திய அந்நந்தவனத்திற்கு, பிரம்மோற்ஸவம் நிறைந்த மறுநாள் மலையப்பன் எழுந்தருளும் வழக்கமும் தொடர்ந்து வருகிறது.

இக்கைங்கர்யத்தின் வேர் இன்னும் பழையது. பெரியாழ்வார் எந்தக் கைங்கர்யம் எம்பெருமானுக்கு மிக உகப்பானது என்று ஆராய்ந்து, கண்ணன் மதுரையில் மாலாகாரர் இல்லம் தேடிச் சென்று பூ வேண்டிப் பெற்றதை நினைந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்தார் என்று ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம் கூறும். மாலாகாரர் பூவினாற் பிழைப்பவர். தம் தொழிற்பொருளையே, வேறு பயன் கருதாது, நல்ல பூவாகத் தேர்ந்து உகந்து ஸமர்ப்பித்தார். வேதம் வல்ல விஷ்ணுசித்தர் தமக்கு முன்னோடியாகக் கொண்டது ஒரு பூத்தொழிலாளரை.

அவருடைய திருமொழியில் கண்ணனைப் பூச்சூட அழைக்கும் பதிகம் இரண்டாம் பத்தின் ஏழாவது. இப்பகுதிக்கு இன்று நமக்குள்ள வியாக்யானம் மணவாளமாமுனிகள் அருளியது. பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்யானத்தில் பெரும்பகுதி இழக்கப்பட, மாமுனிகள் அக்குறையை நிறைத்தருளினார். இப்பதிகத்தில் வரும் பெயர்களைத் தோட்டக்காரன் கண்ணோடு பார்த்தால் ஓர் அமைப்புப் புலப்படும். செண்பகம், பாதிரி, புன்னை ஆகியன மரங்கள். குருக்கத்தி பந்தலோ கொழுகொம்போ வேண்டும் கொடி. மல்லிகையும் இருவாட்சியும் பாத்தியில் வளர்வன. மருவும் தமனகமும் இலைமணத்திற்காகக் கொள்ளப்படுவன. செங்கழுநீர் நீர்நிலையில் பூப்பது. மரம், கொடி, செடி, குளம் நான்கும் கூடிய முழுத் தோட்டம் இது.

இவை ஒரே நாளில் பூப்பனவும் அல்ல. குருக்கத்தி இளவேனிலிலும், பாதிரி வெயில் ஏறும் காலத்திலும் மலரும். மல்லிகை பங்குனி தொடங்கிக் கோடையில் மிகும். மார்கழிப் பனியில் அருகும். செங்கழுநீருக்குக் குளத்தில் நீர் நிற்க வேண்டும். அழைக்கும் தாய் ஒரே மூச்சில் அத்தனை பூவையும் சொல்லிவிடுகிறாள். அவள் சொல்லுக்குப் பின்னே ஓராண்டின் உழைப்பு நிற்கிறது. கார்த்திகை மாதத்தில் மல்லிகையைக் கவாத்துச் செய்தவனே கோடையில் மாலை கட்டுவான். துளசியைக் கதிர் முற்றவிடாமல் கிள்ளிவந்தாலன்றி அது கிளைத்துத் தழையாது. புன்னையை விதையிட்டு வளர்ப்பவன் அதன் முதற்பூவுக்குப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். எனவே பூ ஸமர்ப்பிக்கும் நாள் மட்டும் கைங்கர்ய நாள் என்று கொள்வது பொருந்தாது. கவாத்தும் களையெடுப்பும் காத்திருப்பும் அதனுள் அடங்கும். துளசிப் பாத்தியிலேதான் ஆண்டாள் திருவவதரித்தாள் என்பதையும் இவ்விடத்தில் நினைக்கலாம். மண்ணைக் கொத்தச் சென்றவருக்கு எம்பெருமான் தந்த பலன் அது.

ஸ்ரீரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் தம்மைத் துளவத்தொண்டராகவே அடையாளப்படுத்திக்கொண்டார். கையில் பூக்கூடையோடுதான் அவர் அர்ச்சையாக எழுந்தருளியிருக்கிறார். திருமங்கையாழ்வார் திருமதிள் எடுக்கையில் நேர்கோட்டில் அவர் நந்தவனம் குறுக்கிட, மதிளை ஒதுக்கிக் கட்டினார் என்பதும், அதற்கு உகந்து தொண்டரடிப்பொடியாழ்வார் தம் தோட்டக் கருவிக்கு ‘அருள்மாரி’ என்று கலியன் திருநாமத்தையே இட்டார் என்பதும் பெரியோர் வார்த்தை. கல்மதிள் வளையலாம், துளசிப் பாத்தி கலையலாகாது என்ற முறைமை இதில் தெரிகிறது.

பூவோடு இது முடியவுமில்லை. ஆளவந்தாரை நம் தர்சனத்தின் பக்கம் மீட்க மணக்கால்நம்பி கைக்கொண்ட வழி, ஆறு மாதம் நாள்தோறும் அவர் மடைப்பள்ளிக்குத் தூதுவளைக் கீரை கொண்டுபோய்க் கொடுத்தது. சில நாள் கீரை நின்றபோதுதான் ஆளவந்தார் அதைப்பற்றி விசாரித்தார். இடையறாது வந்ததால் பழகி, நின்றதால் உணரப்பட்டது அத்தொண்டு. ஆசார்ய பரம்பரையின் ஒரு கண்ணி கீரைக்கட்டினால் கோக்கப்பட்டது என்றால் அது மிகையன்று.

ஆழ்வார்களும் ஆசார்யர்களும் தம் திருமேனியால் செய்ததை, பின் வந்தோர் தம் ஆயுளுக்கு அப்பாலும் நடக்கும்படி ஏற்பாடு செய்தனர். சோழர் காலம் முதலான கோயிற் கல்வெட்டுகளில் திருநந்தவனத்திற்கும், அதனைப் பேணுவதற்கான நந்தவனப்புறத்திற்கும் நிலம் விட்ட செய்திகள் பல உள. திருப்பள்ளித்தாமம் பறிப்பாரும் தொடுப்பாரும் அவற்றில் இடம்பெறுகின்றனர். நந்தவனக்குடிகளுக்குக் ‘கொற்று’ என்ற உணவு நெல்லும், ‘புடவை முதல்’ என்ற உடைச்செலவும் குறிக்கப்படுகின்றன. இச்சொற்கள் கவனிக்கத்தக்கன. தானம் செய்தவர்கள் பூவை மட்டும் கேட்டு நின்றுவிடவில்லை. பூவை வளர்க்கும் கைக்குச் சோறும் துணியும் எங்கிருந்து வரும் என்றும் கணக்கிட்டார்கள். பல நூற்றாண்டு மாலை வாடாமல் வந்ததற்கு பக்தியோடு இக்கணக்கும் காரணம்.

இன்று திருமாலைகள் பெரும்பாலும் சந்தையிலிருந்து வருகின்றன. பூ குறைவின்றிக் கிடைக்கிறது. எம்பெருமானும் அதை ஏற்றருள்கிறான். மாலாகாரரும் பூ விற்றவரே ஆகையால் அதில் தோஷம் சொல்லத் தகாது. ஆனால் விலைக்கு வாங்கிய மாலையில் நமக்கு மிஞ்சுவது ஸமர்ப்பிக்கும் ஒரு கணமே. கார்த்திகைக் கவாத்தும் சித்திரை நீரும் நம் கையிலிருந்து நழுவுகின்றன. பதிகம் வேண்டிய எல்லாக் காலமும் அந்த ஒரு கணத்திற் சுருங்கிவிடுகிறது. திவ்யதேசங்களில் நந்தவனம் என்ற பெயரோடு இன்னும் எஞ்சியுள்ள நிலங்களில் ஒரு கிணற்றைத் தூர்வாரி ஒரு துளசிப் பாத்தியைப் பன்னிரு மாதமும் காப்பதும், அதைக் காக்கும் குடிக்குப் பழைய கொற்றுக்கு ஈடாக ஊதியம் அமைப்பதும் பெருஞ்செல்வர் செய்ய வேண்டியன என்றில்லை. ஊர்க்கோஷ்டி ஒன்று கூடினால் நடக்கும். உடையவர் கேட்ட கேள்விக்கு அன்று எழுந்து நின்றவரும் ஒருவரே.