பாங்க் ஆஃப் மதுராவின் 100 பங்குகள்: போர்ட்ஃபோலியோ ஆப் தேடுபவர்களுக்கு ஒரு மதுரைக் கதை

"அண்ணே, ஷேர் எல்லாம் ட்ராக் பண்ண எந்த ஆப் நல்லா இருக்கும்?"

டூட்டி ரூமில் ஒரு ஜூனியர் டாக்டர் கேட்ட கேள்வி இது. ஏதோ ஒரு ஆப் பேரைச் சொல்லிட்டு ரவுண்ட்ஸ் போயிருக்கலாம். ஆனா ஒரு ஆப் நல்லதா கெட்டதான்னு சொல்லணும்னா, அது எதையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கணும் என்பது முதலில் தெரியணும். அதுக்கு நம்ம ஊர்லயே ஒரு அருமையான கேஸ் இருக்கு. பாங்க் ஆஃப் மதுரா.

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்து வெச்சுக்கிட்டு படிங்க.

1943-ல் மதுரையில் தொடங்கப்பட்ட வங்கி அது. தொடங்கியவர் கருமுத்து தியாகராசர் செட்டியார். மீனாட்சி மில்ஸ், தியாகராசர் கல்லூரி, திருப்பரங்குன்றம் பக்கம் இருக்கும் பொறியியல் கல்லூரி எல்லாம் இவர் பேரோடு சேர்ந்தவைதான்.

அவர் வந்த நகரத்தார் சமூகத்தின் கணக்கு வழக்கம் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். ரங்கூனில் கடை இருக்கும், முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார். மூன்று வருடத் தவணையில் ஏஜென்ட் போய் வருவார். அங்கே நடப்பதை இங்கே இருப்பவர் தெரிந்துகொள்ள ஒரே வழி, கணக்குதான். பேரேட்டில் ஒவ்வொரு வரியிலும் யாரிடமிருந்து வந்தது, எந்தத் தேதி, என்ன வட்டி என்று இருக்கும். கடைசியில் ஐந்தொகை. "இன்னைக்கு மொத்தம் இவ்வளவு" என்ற ஒரு எண்ணை மட்டும் அனுப்பினால் எந்த முதலாளியும் ஏற்க மாட்டார். அந்த எண் எப்படி வந்தது என்பது வேண்டும்.

இப்போ நம்ம ஆப்களைத் திறந்தால் முதலில் தெரிவது என்ன? அந்த ஒரே ஒரு எண்தான். பச்சையிலோ சிவப்பிலோ.

சரி, வங்கிக் கதைக்கு வருவோம்.

உங்கள் தாத்தா அந்தக் காலத்தில் பாங்க் ஆஃப் மதுராவில் 100 பங்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். கையில் வந்தது ஒரு காகிதம். அதில் பெயர், ஃபோலியோ எண், சான்றிதழ் எண், எந்த வரிசை எண்ணிலிருந்து எந்த எண் வரை அவருடைய பங்குகள், முக மதிப்பு எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். பின்பக்கம் கை மாறிய விவரம். முன்னால் யார் வைத்திருந்தார், எந்தத் தேதியில் இவர் பெயருக்கு மாறியது என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

என்ன விலைக்கு வாங்கினார் என்பது மட்டும் அதில் இருக்காது.

அது புரோக்கர் கொடுத்த கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கும். இல்லைன்னா தாத்தாவின் டைரியில். மதுரைக்கென்று பங்குச் சந்தை கிடையாது. சப்-புரோக்கரிடம் சொல்லி, அவர் மெட்ராஸுக்குச் சொல்லி, பிறகு தபாலில் காகிதம் வரும். அதோடு மாற்றுப் பத்திரத்தை இணைத்து கம்பெனிக்கு அனுப்பினால், பெயர் மாறி வர மாதங்கள் ஆகும். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால் "பேட் டெலிவரி" என்று திரும்பி வந்துவிடும். விலை நிலவரம் மறுநாள் பேப்பரில் பொடி எழுத்தில் இருக்கும்.

அப்போதைய "போர்ட்ஃபோலியோ சாஃப்ட்வேர்" ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம்தான். அதைக் கிண்டல் பண்ணாதீங்க. தேதி, எண்ணிக்கை, விலை, கமிஷன் என்று நாலு பத்தி போட்டு எழுதிய அந்த நோட்டுக்கு இன்றைக்கும் மதிப்பு இருக்கு. ஏன்னு பின்னால் வருகிறேன்.

1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. அந்த வருட நவம்பரில் என்எஸ்டிஎல் தொடங்கியது, 1999-ல் சிடிஎஸ்எல். காகிதம் போய் டிமேட் வந்தது. திருட்டு, போலிச் சான்றிதழ், கையெழுத்துத் தகராறு எல்லாம் ஒரேயடியாகக் குறைந்தன. பெரிய சீர்திருத்தம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காகிதத்தைக் கொடுத்து டிமேட் ஆக்கியபோது, அதன் பின்பக்கம் இருந்த வரலாறும் சேர்ந்து போய்விட்டது. டிமேட் கணக்குக்குத் தெரிந்தது எண்ணிக்கை. இந்த கம்பெனி, இத்தனை பங்கு. அவ்வளவுதான்.

இனிமேல்தான் கேஸ் சூடு பிடிக்கிறது.

2000 டிசம்பரில் பாங்க் ஆஃப் மதுராவை ஐசிஐசிஐ வங்கியோடு இணைக்கும் அறிவிப்பு வந்தது. 2001 மார்ச்சில் இணைப்பு முடிந்தது. பாங்க் ஆஃப் மதுராவின் ஒரு பங்குக்கு ஐசிஐசிஐ வங்கியின் இரண்டு பங்குகள். தாத்தாவின் 100, இப்போது 200.

2014 டிசம்பரில் ஐசிஐசிஐ வங்கி தன் 10 ரூபாய் முக மதிப்புப் பங்கை ஐந்து 2 ரூபாய் பங்குகளாகப் பிரித்தது. 200, இப்போது 1,000.

2017 ஜூனில் 10 பங்குக்கு ஒரு போனஸ் பங்கு. 1,000, இப்போது 1,100.

தாத்தா எதையும் புதிதாக வாங்கவில்லை, எதையும் விற்கவில்லை. பங்கின் பெயர் மாறிவிட்டது. எண்ணிக்கை 11 மடங்காகிவிட்டது. இன்றைக்கு டிமேட்டில் தெரிவது "ஐசிஐசிஐ வங்கி, 1,100". மதுரை என்ற ஊரின் சுவடே அதில் இல்லை.

இப்போது விற்கலாம் என்று நினைக்கிறீர்கள். வருமான வரிக்கு லாபம் எவ்வளவு என்று சொல்லணும். லாபம் சொல்ல வாங்கிய விலை வேண்டும்.

கணக்குக்காக, அந்த 100 பங்குக்கும் சேர்த்து தாத்தா கொடுத்தது 8,000 ரூபாய் என்று வைப்போம். இணைப்பில் பங்கு மாறினாலும் வரிச் சட்டப்படி பழைய அடக்க விலையே தொடரும், வாங்கிய தேதியும் பழையதே. தாத்தாவிடமிருந்து வாரிசாக வந்தாலும் அவருடைய விலையும் தேதியுமே உங்களுக்கும். ஆக 80 ரூபாய் பங்கு, இணைப்புக்குப் பின் 40 ரூபாய், பிரித்த பின் 8 ரூபாய். போனஸாக வந்த 100 பங்குகளுக்கு அடக்கம் பூஜ்யம், அவற்றின் தேதி 2017.

இதோடு முடியவில்லை. பட்டியலிட்ட பங்குகளின் நீண்ட கால லாபத்துக்கு 2018 பட்ஜெட்டில் மறுபடி வரி வந்தபோது ஒரு சலுகையும் வந்தது. 2018 ஜனவரி 31 அன்று வரை சேர்ந்த லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு முன் கையில் இருந்த பங்குகளுக்கு, அன்றைய சந்தையின் உச்ச விலையை அடக்கமாக எடுத்துக்கொள்ளலாம் (விற்கும் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் விற்கும் விலை வரைக்கும்தான்). 2017 போனஸ் பங்குகளுக்கும் இது உண்டு. இப்போதைய வரி, வருடத்துக்கு 1.25 லட்சத்துக்கு மேல் போகும் லாபத்தில் 12.5 சதவீதம்.

ஆக, தேதி தெரியாத ஆப் போனஸைப் பூஜ்யத்தில் வைத்து லாபத்தை ஊதிக் காட்டும். அதை நம்பி ரிட்டர்ன் போட்டால் கட்ட வேண்டாத வரியைக் கட்டுவீர்கள். பிரித்ததைக் கவனிக்காத ஆப் இன்னும் மோசம். ஒரே நாளில் 80 சதவீதம் நஷ்டம் என்று சிவப்பில் கத்தும். ஐசியூவில் ஈசிஜி லீடு கழன்று மானிட்டர் நேர்கோடு காட்டும்போது நாம் பேஷன்ட்டைத்தானே முதலில் பார்ப்போம்? அதே மாதிரி.

மதுரை வேர் உள்ள இன்னொரு கேஸ் இதைவிடச் சிக்கல். நீங்கள் போடும் லூயி ஃபிலிப், ஆலன் சோலி சட்டை "மதுரா" பிரிவில் வருவதைக் கவனித்திருக்கலாம். அந்த மதுரா, ஹார்வி மில் என்று நம் ஊர்க்காரர்கள் சொல்லும் மதுரா மில்ஸ், பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆனதிலிருந்து வந்த பெயர். அதன் ஆயத்த ஆடைப் பிரிவை 1999-ல் இந்தியன் ரேயான் வாங்கியது. அது ஆதித்ய பிர்லா நுவோ ஆனது. பிறகு மதுரா பிரிவைப் பிரித்து பேன்டலூன்ஸோடு சேர்த்தார்கள். நுவோ கிராசிமுக்குள் போனது. 2025-ல் ஆடைக் கம்பெனியே இரண்டானது. ஒரு கம்பெனி இரண்டாகப் பிரியும்போது உங்கள் பழைய அடக்க விலையும் இரண்டாகப் பிரியும். எந்த விகிதம் என்பதை கம்பெனி தனியே அறிவிக்கும். இதை எல்லா ஆப்பும் தானாகச் செய்வதில்லை, கையால் திருத்த இடம் வேண்டும்.

இனி சாஃப்ட்வேர்களின் ஆயுளைப் பார்ப்போம். பர்சனல் கம்ப்யூட்டருக்கான முதல் ஸ்ப்ரெட்ஷீட்டான விசிகால்க் 1979-ல் வந்தது. எக்ஸெல் 1985. மைக்ரோசாஃப்ட் மணி என்று ஒரு புகழ்பெற்ற கணக்கு மென்பொருள் இருந்தது, 2009-ல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். கூகுள் ஃபைனான்ஸில் இலவசமாகப் போர்ட்ஃபோலியோ போட்டு வைத்திருந்தவர்களுக்கு 2017-ல் அந்த வசதி போனது. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் ஆட்கள் பயன்படுத்திய மின்ட் ஆப் 2024-ல் மூடப்பட்டது.

பாங்க் ஆஃப் மதுரா பங்கு 1943 முதல் இன்று வரை ஏதோ ஒரு வடிவில் உயிரோடு இருக்கிறது. அதைக் கணக்கு வைக்க வந்த மென்பொருள்களில் பாதிக்கு டெத் சர்டிஃபிகேட் எழுதியாச்சு. அதனால் என் முதல் கேள்வி எப்பவும் ஒன்றுதான். இதில் போட்ட எல்லா வரிகளையும் தேதி, விலையோடு எக்ஸெல் ஃபைலாக வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றால் அந்த ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து, நான் புதிதாக எந்த ஆப் பார்த்தாலும் தாத்தாவின் 100 பங்கை அதில் போட்டுப் பார்ப்பேன். பழைய தேதியில் 8,000 ரூபாய்க்குப் பதிவு செய்து, இணைப்பைக் கையால் ஏற்றி, 2014, 2017 இரண்டையும் அதுவாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் 1,100 பங்கு, மொத்த அடக்கம் 8,000 என்று வந்தால் பாஸ். நிறைய ஆப்கள் முதல் படியிலேயே தடுமாறும், ஏனென்றால் இன்று சந்தையில் இல்லாத கம்பெனியைப் பதிவு செய்யவே விடாது. அப்போது நேராக 200 ஐசிஐசிஐ வங்கிப் பங்கு என்று பழைய தேதியில் போட விடுகிறதா என்று பாருங்கள்.

புரோக்கர் ஆப் போதாதா? ஒரே புரோக்கர், எல்லாம் அவரிடமே வாங்கியது என்றால் போதும். வேறு டிமேட்டிலிருந்து மாற்றிய பங்கு, வாரிசாக வந்த பங்கு இருந்தால் அதற்கு வாங்கிய விலை தெரியாது, நீங்கள்தான் கொடுக்கணும். இன்னொன்று. பல ஆப்கள் சராசரி விலை காட்டும். வரிச் சட்டமோ ஒவ்வொரு டிமேட் கணக்கிலும் முதலில் வந்தது முதலில் போனது என்று கணக்குப் பார்க்கும்.

2015 முதல் உங்கள் பான் எண்ணுக்கு டெபாசிட்டரி ஒரு ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட் அனுப்புகிறது. எல்லா டிமேட்டும் மியூச்சுவல் ஃபண்டும் ஒரே இடத்தில். எண்ணிக்கை சரிபார்க்க அதைவிட நல்ல ஆவணம் இல்லை. ஆனால் பங்குகளை வாங்கிய விலை அதிலும் இருக்காது. அந்த ஃபைலை ஏற்றச் சொல்லும் ஆப்களுக்கு உங்கள் பான், முகவரி, மொத்தச் சொத்து எல்லாம் போகிறது என்பதைத் தெரிந்தே கொடுங்கள். புரோக்கர் பாஸ்வேர்டு கேட்டால் உடனே டெலீட்.

என் சாய்ஸ்? ஸ்ப்ரெட்ஷீட். அதே நாலு பத்தி நோட்டுப் புத்தகம்தான், கூடவே அன்றைய விலையை இழுக்கும் ஒரு ஃபார்முலா. அழகு பார்க்க ஒரு ஆப் தனியே இருக்கட்டும்.

வீட்டு பீரோவில் பாங்க் ஆஃப் மதுரா காகிதமே இருக்கிறது என்பவர்களுக்கு. தூக்கி எறியாதீங்க. ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காத பங்குகள் ஐஇபிஎஃப் என்ற மத்திய அரசு நிதிக்கு மாற்றப்படும். மாறினாலும் உரிமை போகாது. ஐஇபிஎஃப் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், ஐஇபிஎஃப்-5 படிவத்தில் திரும்பக் கேட்கலாம். அதற்கு முன் ஃபோலியோ எண்ணோடு ஐசிஐசிஐ வங்கியின் பங்குப் பதிவாளருக்கு எழுதுங்கள். பெயருக்குரியவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். 2019 ஏப்ரலிலிருந்து காகிதமாகவே இன்னொருவருக்கு விற்க முடியாது, ஆனால் வாரிசுக்கு மாற்ற முடியும்.

கூடவே அந்த டைரியையும் தேடுங்க. தாத்தா வாங்கிய தேதி அதில்தான் இருக்கும்.

டிஸ்கி: நான் எம்பிபிஎஸ் டாக்டர், செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் அல்ல. ஐசிஐசிஐ வங்கிப் பங்கை வாங்குங்க, விற்றுடுங்க என்று இதில் எங்கேயும் சொல்லவில்லை. ரிட்டர்ன் போடும் முன் உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும்.