பரங்கிப்பேட்டைக் கோமாளி மீன்கள்

தமிழ்நாட்டில் கடல்மீன் தொட்டி முதலில் பொதுமக்களுக்கான காட்சியாகவே தொடங்கியது. 1909இல் சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. கடல்நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தொட்டி வீட்டுக்குள் வந்தபோது செலவும் கூடவே வந்தது. கடலிலிருந்து தள்ளி வாழ்பவர்கள் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். பவளத்துக்கு 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் தேவை என்பதால், கோடையில் குளிர்விப்பான் ஓயாமல் ஓடும். கருவிகள் பலவும் இறக்குமதி. ரூபாயின் மதிப்பு இறங்க இறங்க விலை ஏறியது. 2001இல் பாறைப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்ததால், அவற்றை எடுக்கத் தடை வந்தது. மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டியெடுத்த கொடுமைக்குப் பின் வந்த, மிக நியாயமான தடை அது.

கருவிகளைப் போலவே மீனுக்கும் செலவு உண்டு; அந்த மீன் விலைக்கான விடை சிதம்பரத்துக்கு அருகே, கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் உருவானது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கே கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்தது. வெள்ளாற்றுக் கழிமுக நீரையே பயன்படுத்தியது இதன் பெரிய சிறப்பு: உப்பு வாங்கும் செலவே இல்லை. முட்டைகளை ஆண் மீன் விசிறிக் காக்கும்; ஒரு வாரம் போல் கழிந்து, இருட்டில் பொரியும். குஞ்சுகளுக்கு உணவு முதலில் ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கு, பிறகு ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறால்.

தொட்டியில் பிறந்த மீன் தீவனத்துக்கும் தொட்டிக்கும் பழகியது. கடலில் பிடித்த மீனைவிட எளிதில் பிழைக்கும். வாங்குபவர்கள் அதையே கேட்டு வாங்க வேண்டும்.