ஒரு கடிதமும் ஒரு சோதனையும்



வரலாறு என்றால் போரும் பட்டாபிஷேகமும் மட்டும் அல்ல. நாடுகள் கைகோத்து நின்ற கதைகளும் வரலாறுதான். அப்படி ஒன்றை இன்று சொல்கிறேன். சற்று நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

சனிக் கோளின் மிகப் பெரிய நிலா டைட்டன். 1655-இல் அதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் ஹைகன்ஸ். பிறகு சனியின் வேறு நான்கு நிலாக்களைக் கண்டவர், இத்தாலியில் பிறந்து பாரிஸில் பணியாற்றிய காசினி. முந்நூறு ஆண்டுகள் கழித்து இருவர் பெயரிலும் ஒரு பயணம் உருவானது. சனியைச் சுற்றிவர வேண்டிய காசினி கலத்தை அமெரிக்காவின் நாசா செய்தது. டைட்டனில் இறங்க வேண்டிய ஹைகன்ஸ் கலம் ஐரோப்பிய விண்வெளி முகமையின் பொறுப்பு. பெரிய ஆன்டெனா இத்தாலி தந்தது. மொத்தம் 17 நாடுகளின் உழைப்பு.

1994-இல் அமெரிக்காவில் செலவுக் குறைப்புப் பேச்சு எழுந்தது. திட்டமே நின்றுபோகும் நிலை. அப்போது ஐரோப்பிய முகமையின் தலைவர் ழான்-மரி லூட்டன், அமெரிக்கத் துணை அதிபர் அல் கோருக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் பாதியில் விலகினால் இனி உங்களை நம்பி எப்படிக் கூட்டுச் சேர்வது என்பதே அதன் சாரம். திட்டம் பிழைத்தது. 1997 அக்டோபர் 15-இல் கலம் கிளம்பியது.

அடுத்த ஆபத்து நடுவழியில் தெரிந்தது. ஐரோப்பிய முகமையில் இருந்த ஸ்வீடன் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ், ஹைகன்ஸ் அனுப்பப்போகும் சமிக்ஞையைப் போலவே ஒன்றை அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 2000-இல் கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஆன்டெனாவிலிருந்து அனுப்பினார்கள். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் சத்தம் மாறிக் கேட்கிறதல்லவா? அதுபோல, கலங்களின் வேகத்தால் சமிக்ஞை மாறும். காசினியில் இருந்த வாங்கி அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கவில்லை! அப்படியே விட்டிருந்தால் டைட்டனிலிருந்து வரும் தகவலில் பெரும்பகுதி பாழாகியிருக்கும்.

கருவியைக் கழற்றி மாட்ட முடியாத தொலைவு. எனவே இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, பயணப் பாதையையே மாற்றின. 2005 ஜனவரி 14-இல் ஹைகன்ஸ் டைட்டனில் இறங்கியது. உருண்டையான பனிக்கட்டிக் கற்கள் கிடந்த தரையை மனிதகுலம் முதல்முறை பார்த்தது.

அன்றும் ஒரு தவறு நடந்தது. காசினியின் இரண்டு வாங்கிகளில் ஒன்றை இயக்கும் கட்டளை விடுபட்டதால், படங்களில் பாதி போயிற்று. காற்றின் வேகம் பற்றிய ஆய்வும் அதோடு போயிருக்கும். ஆனால் பூமியில் பல நாடுகளின் ரேடியோ தொலைநோக்கிகள் ஹைகன்ஸின் மெல்லிய குரலை நேரடியாகப் பிடித்திருந்தன. அந்த ஆய்வு தப்பியது.

அதே ஆண்டு, என்செலடஸ் என்ற சிறிய பனி நிலாவின் தென்முனையிலிருந்து நீராவி பீறிடுவதைக் காசினி கண்டது. உயிர் வாழ இடமிருக்கலாம் என்பதால், அந்த நிலாக்கள் மாசுபடக் கூடாதென்று 2017-இல் காசினியைச் சனிக்குள்ளேயே விழச் செய்தார்கள்.

இன்று வியாழனின் பனி நிலாக்களை நோக்கி ஐரோப்பாவின் ஜூஸ் கலம் சென்றுகொண்டிருக்கிறது. அதில் அமெரிக்கா, ஜப்பான், இஸ்ரேல் பங்களிப்பும் உண்டு.

கூட்டாக இறங்கும்போது விலகுவது கடினம். நம் பிழையைப் பார்க்க இன்னொரு கண்ணும் இருக்கும். பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நலமே விளைக.